எதிரே வந்த அபிகாயில்

பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு வானொலி மறையுரை



இன்றைய நற்செய்தியில் பேதுரு ஆண்டவரிடம் ஒரு கணக்குக் கேட்கிறார். தவறு செய்த சகோதரனை எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவை போதுமா என்பது அவருடைய கேள்வி. ஏழு என்று சொன்னதே பெரிய மனசு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நம்மில் பலர் மூன்றைத் தாண்டுவதில்லை. ஆண்டவர் பதிலாகச் சொன்ன எண் நமக்குத் தெரியும். எழுபதையும் ஏழையும் சேர்த்து, கணக்கு வைக்கவே முடியாத ஓர் எண்ணைச் சொல்கிறார்.

அந்த எண் அங்கே புதிதாகப் பிறந்ததல்ல. தொடக்க நூல் நான்காம் அதிகாரத்தில் இலாமேக்கு என்று ஒருவன் வருகிறான். காயினின் வழிமரபில் வந்தவன். தன் மனைவியர் இருவரையும் கூப்பிட்டு, தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டதாகப் பெருமை பேசுகிறான். காயினுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்கு என்கிறான். கொலையை இத்தனை என்று எண்ணிக்கை போட்டு, வீட்டாரிடம் ஸ்கோர் போலச் சொல்லிக் காட்டுகிற ஆளைத் திருவிவிலியம் இவ்வளவு சீக்கிரமே நமக்கு அறிமுகப்படுத்திவிடுகிறது.

ஸ்கோர் என்று சொன்னதும் இளம் நேயர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆம், இன்று வீடியோ கேம் பற்றித்தான் பேசப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வேறு பேச்சு கிடைக்கவில்லையா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் பங்குகளில் குருக்களாகிய எங்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இது அடிக்கடி வருகிறது. ‘சாமி, பையன் எந்நேரமும் வெட்டு, குத்து, இரத்தம் என்று விளையாடுகிறான். பழிவாங்குகிற கதையாம். பிடுங்கி வைத்துவிடலாமா? இவன் நாளைக்கு நிஜமாகவே கத்தியைத் தூக்கிவிடுவானோ?’ இப்படிக் கேட்கிற தாயின் பயம் பொய்யல்ல. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது.

முதலில் தெரிந்ததைச் சொல்லிவிடுவோம். அமெரிக்க உளவியல் கழகம் இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, 2020 மார்ச்சில் தன் நிலையை வெளியிட்டது. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது. ஆனால் உண்மையான வன்செயல்களுக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அதன் சாரம். ஆகவே விளையாடுகிற பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்று நடுங்க வேண்டாம். அதற்காக எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையை உயர்த்திப் பிடிக்கும் படைப்புகளைக் கண்டித்தார். வீடியோ கேமையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அதே செய்தியில் பெற்றோருக்கும் வேலை கொடுத்தார்: பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார். விளையாட்டின் அட்டையில் 17, 18 என்று வயது போட்டிருந்தால் அது சும்மா போட்ட எண் அல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பங்குச்சாமியிடம் வந்து வருத்தப்படுவதில் பயனில்லை.

இது எளிதான பகுதி. இனி விளையாட்டுக்கு உள்ளேயே போய்ப் பார்ப்போம்.

‘நிஞ்சா கைடென்’ என்று ஒரு விளையாட்டு. ஜப்பானின் டெக்மோ நிறுவனம் 1988 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. டிவியில் இணைத்து, கேசட் போட்டு விளையாடுகிற பெட்டிக்காகச் செய்தது. 90களில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகள் பெரும்பாலும் அந்த ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள்தான். இன்று நாற்பதைத் தாண்டியவர்களின் கட்டைவிரல் அதை மறந்திருக்காது. அது பழைய காலத்துக் கதையல்லவா என்று இளையோர் கேட்க வேண்டாம். அதே கதை நடக்கும் காலத்தில் வேறொரு நிஞ்சாவுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும் புதிய விளையாட்டு 2025 ஜூலையில்கூட வந்திருக்கிறது. இடையில் கனடா நாட்டார் 2010இல் செய்த ‘ஷாங்க்’ போன்றவையும் வந்தன. அதில் மரம் அறுக்கும் இரம்பத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு ஒருவன் பழிதீர்க்கப் போகிறான். இரத்தத்தின் அளவு கூடியிருக்கிறது, கதையின் எலும்பு மாறவில்லை.

1988இன் கதை இதுதான். நிலவொளியில் ஒரு புல்வெளி. இரண்டு வீரர்கள் எதிரெதிரே ஓடி வருகிறார்கள், பாய்கிறார்கள், வாள்கள் மோதுகின்றன, ஒருவர் விழுகிறார். விழுந்தவரின் மகன் ரியூ. தந்தை விட்டுச் சென்ற கடிதத்தை அவன் வாசிக்கிறான். உயிரைப் பணயம் வைத்த ஒரு சண்டைக்குப் போகிறேன், திரும்பி வராவிட்டால் நம் குடும்ப வாளை எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்று இன்னாரைப் பார் என்று அதில் எழுதியிருக்கிறது. கவனியுங்கள், போய்ப் பார் என்றுதான் தந்தை எழுதுகிறார். பழிவாங்குவது என்பது மகன் தானே எடுத்த முடிவு. அதற்குப் பிறகு ஆறு பாகங்கள், மொத்தம் 20 லெவல்கள். ஓடு, தாவு, வெட்டு.

இவ்வகை விளையாட்டில் திரை பக்கவாட்டில் நகரும். வீரன் பெரும்பாலும் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். மேலே நேரம் குறைந்துகொண்டே வரும். நின்று யோசித்தால் நேரம் போய்விடும். நேரம் முடிந்தால், பிள்ளைகள் சொல்வதுபோல், ஒரு லைஃப் போச்சு. எதிரே வருவது யாராக இருந்தாலும் எதிரிதான். குத்துச்சண்டைக்காரன், கத்தி எறிபவன், நாய், வானத்திலிருந்து கழுகு. அந்தக் கழுகைத் திட்டாத ஆட்டக்காரர் இருக்க முடியாது. சரியாகப் பள்ளத்தைத் தாண்டும் நேரம் பார்த்து வந்து மோதும். பின்னால் தள்ளப்பட்டு நேரே குழிக்குள் விழ வேண்டியதுதான். கதையில் ஆட்கள் பேசுவதெல்லாம் இடையிடையே வரும் படக்காட்சிகளில்தான். ஓடும் பாதையில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசுவதற்கு ஒரு பொத்தான் அந்தப் பெட்டியில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதுதான் நமக்கு முக்கியம். ஒருவனை வெட்டிச் சாய்க்கிறோம், அவன் மறைந்துபோகிறான். ஏதோ காரணத்துக்காக இரண்டு அடி பின்னால் வந்துவிட்டு மறுபடி முன்னே போனால், அதே இடத்தில் அதே ஆள் மறுபடி வருகிறான். மறுபடி வெட்டினால் மறுபடி வருவான். ஏன் என்று கேட்டால் விடை மிக எளிது. அந்தப் பழைய பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். யார் செத்தார், யார் இருக்கிறார் என்ற கணக்கையெல்லாம் அது வைத்துக்கொள்வதில்லை. திரை அந்த இடத்தைத் தொட்டால் எதிரியை எழுப்பி நிறுத்து என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை.

நம் மனதுக்கும் இப்படி ஒரு கட்டளை உண்டு. பத்து வருடத்துக்கு முன் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை. அதற்கு அப்போதே நன்றாகக் கொடுத்துவிட்டோம். இனி முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு கல்யாண வீட்டில் அதே மாதிரி ஒரு குரல் காதில் விழுகிறது. அவ்வளவுதான், அண்ணன் அதே இடத்தில், அதே வார்த்தையோடு எழுந்து நிற்கிறார். வெட்டிய எதிரி சாகவில்லை. பழி தீர்ந்தது என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லில் இருக்கும் தீர்வு எந்த வீட்டில் வந்திருக்கிறது? கொலைக்குக் கொலை என்று மூன்று தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஊர்களில் கேட்டுப் பார்த்தால், முதல் கொலை எதற்காக நடந்தது என்பதுகூடச் சிலருக்குச் சரியாக நினைவிருக்காது.

இந்த ஒருவழிப் பாதையைத் திருவிவிலியத்தில் ஓரிடத்தில் அப்படியே பார்க்கலாம். முதலாம் சாமுவேல் நூல், 25ஆம் அதிகாரம். ஞாயிறு வாசகங்களில் இது வருவதில்லை. அதனால் நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. இன்று வீட்டில் புத்தகத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள், பத்து நிமிடம் போதும்.

தாவீது அப்போது அரசரல்ல. சவுலுக்குத் தப்பிப் பாலைநிலத்தில் திரிகிறார், கூடவே அறுநூறு பேர். அந்தப் பக்கத்தில் நாபால் என்ற பணக்காரனின் மந்தைகள் மேய்கின்றன. மூவாயிரம் செம்மறியாடுகள், ஆயிரம் வெள்ளாடுகள். தாவீதின் ஆட்கள் அந்த மந்தைகளில் கைவைக்கவில்லை. அதோடு நிற்காமல் இரவும் பகலும் இடையர்களுக்குக் காவலாகவும் இருந்தார்கள். ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாள் வந்தது. நம் ஊரில் அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கிற நாள் மாதிரி. கேட்டவருக்கெல்லாம் ஏதாவது கொடுக்கிற நாள். தாவீது பத்து இளைஞரை அனுப்பி, மரியாதையாகவே உதவி கேட்டார். நாபாலோ தாவீது யார் என்று கேட்டான். எசமானை விட்டு ஓடிவரும் வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் நிறைய என்று ஏளனம் செய்து வெறுங்கையோடு அனுப்பினான்.

தாவீது சொன்னது ஒரே பேச்சு: எல்லாரும் வாளைக் கட்டுங்கள். நானூறு பேர் புறப்பட்டார்கள். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்மகனைக்கூட உயிரோடு விடமாட்டேன் என்று சத்தியமும் செய்துவிட்டார்.

இதற்கு முந்தின அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். குகைக்குள் தனியாகச் சிக்கிய சவுலை, தன்னைக் கொல்லத் தேடிய அரசரை, அதே தாவீது கொல்லாமல் விட்டார். மேலாடையின் ஓரத்தை மட்டும் வெட்டியெடுத்தார், அதற்கே மனம் நொந்தார். உயிருக்கு உலை வைத்தவரை மன்னிக்க முடிந்தது. பக்கத்து ஊர்ப் பணக்காரன் யார் நீ என்று கேட்டதைப் பொறுக்க முடியவில்லை. நாமும் அப்படித்தான். பெரிய துரோகத்தைச் செபத்தில் ஒப்புக்கொடுத்துவிடுகிறோம். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதையோ, பந்தியில் யாரோ கவனிக்காமல் போனதையோ விடமாட்டோம்.

தாவீது கொல்லப் போவது யாரை? நாபாலை மட்டுமல்ல. வீட்டிலுள்ள ஆண்கள் எல்லாரையும். அதில் அந்த இடையர்களும் உண்டு. தாவீதின் ஆட்கள் தங்களுக்கு ஒரு மதில்போல இருந்தார்கள் என்று நன்றியோடு சாட்சி சொன்னவர்கள். யாரைக் காப்பாற்றினோம் என்பதற்காகக் கோபமோ, அவர்களையே வெட்டப் போகிறது அந்தக் கோபம். ஓடும் திரையில் எதிரே வருகிற எல்லா உருவமும் எதிரிதான், முகம் பார்க்க நேரமில்லை என்று சொன்னோமே, இதுதான் அது.

இனிதான் விளையாட்டில் நடக்காதது நடக்கிறது. மலைச்சரிவில் தாவீதும் அவர் ஆட்களும் இறங்கி வர, எதிரே கழுதைகள் வருகின்றன. கழுதைகள்மேல் இருநூறு அப்பங்கள், இரண்டு தோல்பை திராட்சை இரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த தானியம், உலர்ந்த திராட்சைக் குலைகள் நூறு, அத்திப்பழ அடைகள் இருநூறு. பின்னால் ஒரு பெண். நாபாலின் மனைவி அபிகாயில். வேலைக்காரப் பையன் ஒருவன் ஓடிவந்து நடந்ததைச் சொன்னதும், கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியவள். வாள் கட்டிய நானூறு பேருக்கு எதிரே கையில் ஒன்றுமில்லாமல் வந்து, கழுதையைவிட்டு இறங்கி, தரையில் விழுந்து, பழியைத் தன்மேல் போடச் சொல்கிறாள்.

அவள் பேச்சை நன்றாகக் கவனிக்க வேண்டும். என் கணவர் நல்லவர், தெரியாமல் செய்துவிட்டார் என்று அவள் பூசி மெழுகவில்லை. நாபால் என்றால் அறிவிலி என்று பொருள், பேருக்கேற்ற ஆள்தான் என்று ஒத்துக்கொள்கிறாள். உமக்கு நடந்தது அநியாயம் என்பதை அவள் மறுக்கவே இல்லை. அவள் பேசியதெல்லாம் தாவீதின் நாளையைப் பற்றி. ஒருநாள் ஆண்டவர் உம்மைத் தலைவராக்குவார். அன்று, காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே, நம் கையாலே பழி தீர்த்தோமே என்ற உறுத்தல் உமக்கு இருக்கக் கூடாது என்கிறாள். கோபத்தில் இருப்பவனுக்கு நேற்று மட்டும்தான் தெரியும். அவள் நாளையைக் காட்டினாள். தாவீது நின்றார். தன்னைத் தடுக்க இவளை அனுப்பிய ஆண்டவரை வாழ்த்தினார். அப்பங்களை வாங்கிக்கொண்டு திரும்பினார். நானூறு பேருக்கும் அன்றைக்கு நல்ல சாப்பாடு.

நேயர்களே, நம் குடும்பங்களில் அபிகாயில்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், சில வீடுகளில் பாட்டிமார். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார்கள். போகட்டும் விடுப்பா என்று சொன்னதற்காக, நீ யார் பக்கம் என்று கேட்கப்படுவார்கள். அவர்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு ஓடுகிறோம், நேரம் குறைந்துகொண்டே வருகிறதல்லவா!

நிஞ்சா கைடெனின் முடிவுக்கு வருவோம். இதை விளையாடி முடித்தவர்கள் குறைவு, அவ்வளவு கடினம். கடைசிப் பாகத்தின் இறுதிச் சண்டைகளில் தோற்றால், தோற்ற இடத்தில் விடாமல் அந்தப் பாகத்தின் தொடக்கத்துக்கே தூக்கி எறிந்துவிடும். அத்தனையும் தாண்டிப் போனால் அங்கே ஒரு முகமூடி மனிதன் நிற்கிறான், வெட்ட வருகிறான். அந்த முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் ரியூவின் தந்தை.

அவர் இறக்கவில்லை. ஜாக்கியோ என்ற தீயவன் அவரைப் பிடித்து, ஒரு படிக உருண்டையின் வல்லமையால் தன் வசப்படுத்தி வைத்திருக்கிறான். யாருக்காகப் பழிவாங்க இத்தனை பேரை வெட்டிக்கொண்டு உலகின் மறுகோடிவரை வந்தானோ, அவரையே வெட்டுகிற இடத்தில் மகன் வந்து நிற்கிறான். இங்கே வாள் மனிதர்மேல் விழக் கூடாது, அவரைக் கட்டி வைத்திருக்கும் உருண்டைமேல் விழ வேண்டும். அதை உடைத்தபோதுதான் தந்தை தந்தையானார். உடனே ஜாக்கியோ மகனை நோக்கி நெருப்பை வீச, தந்தை குறுக்கே பாய்ந்து அதைத் தன் உடலில் வாங்குகிறார். அந்தக் காயத்திலேயே இறக்கிறார்.

ஜப்பானிய விளையாட்டு ஒன்றில் கிறிஸ்தவப் போதனையைத் தேடி நாம் இழுத்துக்கொண்டு வரவில்லை. செய்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் கதை வெட்டும் சண்டையுமாகத்தான் போகிறது. ஜாக்கியோவை யாரும் மன்னிக்கவில்லை. ஆனால் பழிவாங்கும் கதையைச் சொல்ல உட்கார்ந்தவர்களே, அந்தப் பாதையின் கடைசியில் எதிரியின் முகத்தில் சொந்த இரத்தத்தை வைக்க நேர்ந்ததே, அது சும்மா நேர்ந்ததல்ல. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், நம் போராட்டம் மனிதரோடு அல்ல, மனிதரை ஆட்டிவைக்கும் தீய ஆற்றல்களோடு என்று சொல்லப்படுகிறது. அண்ணன் எதிரியல்ல. அண்ணனைப் பிடித்திருக்கும் குடி, அல்லது பேராசை, அல்லது யாரோ ஊதிவிட்ட சந்தேகம். அதன்மேல் விழட்டும் நம் வாள். மனிதரை வெட்டிவிட்டால் உருண்டை அப்படியே இருக்கும். அடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும்.

பையனின் விளையாட்டைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயிடம் இப்போது திரும்பலாம். அம்மா, உங்கள் மகன் இரண்டு மணி நேரம் விளையாடுகிறான், பிறகு அணைத்துவிடுகிறான். திரையிலிருப்பது பொம்மை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சித்தப்பா வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பொதுச் சுவர் வழக்கில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் யார் சொல்கிறார்கள்? பாட்டி இறந்தபோது ஒரே உடலுக்கு இரண்டு பக்கமாக நின்று அழுதோமே, அதை அவன் பார்க்கவில்லையா? விளையாட்டில் எதிரிகளைப் பெட்டி கொடுக்கிறது. வீட்டில் எதிரிகளின் பட்டியலை நாம் கொடுக்கிறோம், அதுவும் உறவுமுறையோடு. இந்த விளையாட்டுக்கு வயது போட்டு அட்டை ஒட்டுவார் யாருமில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், தவறாகப் புரிந்துகொண்டு யாரும் துன்பப்படக் கூடாது. பழிவாங்காதே என்றால் அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு கிட என்று பொருளல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பிரித்துக் காட்டுகிறது: தீங்கு செய்தவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம், தவறைத் திருத்தவும் நீதியைக் காக்கவும் ஈடுகேட்பது பாராட்டத்தக்கது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம், மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா என்று மட்டும் சொல்லி அனுப்புவது நற்செய்தியல்ல. அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்; அதில் பாவமில்லை. பிள்ளைக்குத் தீங்கு செய்தவரை, மன்னிப்பின் பெயரால் யாரும் மூடி மறைக்கவும் கூடாது. அபிகாயில்கூட நாபாலைக் காப்பாற்றியபின் சும்மா இருக்கவில்லை; போதை தெளிந்த மறுநாள் காலை நடந்ததையெல்லாம் அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

மன்னிப்பின் நீளம் எவ்வளவு என்று நம் நாட்டிலேயே ஒரு குடும்பம் காட்டியிருக்கிறது. அருளாளர் இராணி மரியா, கேரளத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை அருள்சகோதரி. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் மறைமாவட்டத்தில், நிலமும் குரலும் இல்லாத ஏழைகள் தங்கள் உரிமையைக் கேட்கத் துணை நின்றார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், கூலிக்கு ஏவப்பட்ட ஒருவர் அவரைக் குத்திக் கொன்றார். பேருந்து நிறைய மக்கள் இருந்தார்கள்.

கொலையாளி சிறைக்குப் போனார். அது நீதி, நடக்க வேண்டியது நடந்தது. அதற்குப் பிறகு 2002இல், இராணி மரியாவின் தங்கை, அவரும் அதே சபையில் அருள்சகோதரி, அந்தச் சிறைக்குப் போய் அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். குடும்பத்தார் அவருடைய விடுதலைக்காகவும் முயன்றார்கள். விடுதலையானபின் அவர் கேரளத்திலிருக்கும் அந்த வீட்டுக்கே போனார். மகளைப் பறிகொடுத்த தாய், மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, கூட்டத்தில் அந்த மனிதரும் இருந்தார்.

இதை எல்லாராலும் ஒரே நாளில் செய்ய முடியுமா? முடியாது. அந்தக் குடும்பத்துக்கும் ஏழு ஆண்டுகள் ஆயின, சிறை வாசலுக்குப் போக. தாவீதுக்கும்கூட எதிரே ஒருவர் வந்து நிற்க வேண்டியிருந்தது. அதனால் இந்த வாரத்துக்குச் சின்னதாக ஒன்றே ஒன்று. பிள்ளை விளையாட உட்காரும்போது பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். திட்டுவதற்காக அல்ல. இவன் யார், எதற்காக வெட்டுகிறான், அந்த முகமூடிக்குள் யார் இருப்பார் என்று கேட்போம். பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்வார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுக்கவும் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் சொல்லி முடித்தபின் நாம் தாவீதின் கதையைச் சொல்லலாம். வாள் கட்டிய நானூறு பேரில் தொடங்குங்கள், அங்கே கவனிப்பார்கள். கழுதைமேல் வந்த இருநூறு அப்பங்களை மறக்காமல் எண்ணிச் சொல்லுங்கள். அப்போது சித்தப்பா வீட்டுப் பிள்ளையும் வந்து உட்கார்ந்து கேட்டால், அவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.